பியர் ஆலைப் பார்லிச் சக்கை: திருகோணமலை வெயிலில் கறவை மாட்டுக்குக் கொடுத்த அனுபவம்

பியர் ஆலையில் மிஞ்சும் ஈரப் பார்லிச் சக்கை கறவை மாட்டுக்கு நல்ல தீனி. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இங்கே வந்து சேரும் சக்கை நல்ல தீனியாகவே மாட்டின் வாய்க்குப் போகிறதா என்பது வேறு கேள்வி. ஆலையை விட்டு எத்தனை மணித்தியாலத்தில் வந்தது, அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இறக்கிய அன்றே காற்றுப் புகாமல் அடைத்தோமா: இந்த மூன்றும் சரியாக இருந்தால் காசு மிஞ்சும். ஒன்று பிசகினாலும் மாட்டுக்குப் போகவேண்டியது எருக்குழிக்குப் போகும்.

பல பருவங்களாகக் கொடுத்துப் பார்த்ததில் எங்கள் தீர்ப்பு இதுதான். கொட்டிலில் கட்டி வளர்க்கிற, நாளுக்கு 5 லீற்றருக்கு மேல் கறக்கிற ஜேர்சி, பிரீசியன் கலப்பு மாடுகளுக்கு வாங்கலாம். பெரும்போகத்தில் வயலை விட்டு மேய்ச்சல் தரைக்கு ஓட்டிக்கொண்டு போகும் பட்டி மாடுகளுக்கு வாங்க வேண்டாம். ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் கறக்கும் நாட்டு மாட்டுக்கு லொறிக் கூலியே திரும்பி வராது. அந்தப் பணத்துக்கு வைக்கோலும் தாது உப்பும் வாங்கினால் பட்டிக்கு அதிக நன்மை.

இது என்ன பொருள் என்று முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போனால், பியர் ஆலைப் பொருளான இதில் மதுசாரம் இருக்கிறதா, மாட்டுக்குக் கொடுக்கலாமா என்பதுதான் முதலில் வரும் கேள்வி. முளைகட்டிக் காயவைத்த பார்லியை நொறுக்கி, சுடுதண்ணீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்தெடுத்த பிறகு நிற்கும் கோதுதான் சக்கை. சாறு தனியாகப் போன பிறகுதான் அதில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். ஆகவே ஆலையை விட்டு வரும் சக்கையில் மதுசாரம் கிடையாது. இந்த விபரத்தை அப்படியே ஊர் மௌலவியிடம் சொல்லிக் கேட்டு முடிவெடுப்பதுதான் முறை. பியர் தொட்டியின் அடியில் தேங்கும் ஈஸ்ட் மண்டி வேறு பொருள். அதில் மதுசாரம் இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

திருகோணமலையில் பியர் ஆலை இல்லை. பியகம, மாவத்தகம ஆகிய இடங்களில்தான் பெரிய ஆலைகள் இருக்கின்றன. லொறி குருநாகல், தம்புள்ளை, ஹபரண, கந்தளாய் வழியாக வர வேண்டும். சக்கை ஆலையை விட்டு வெளியேறும்போதே கைவைக்க முடியாத சூடு. தறப்பாள் மூடிய லொறியில் அந்தச் சூடு இறங்காது. வழியில் தரித்து நின்று மறுநாள் மத்தியானம் வரும் லொறியை இறக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இரவில் ஏற்றி விடியற்காலையில் இறக்குவதுதான் ஒரே வழி. பத்துப் பேர் சேர்ந்து ஒரு லொறி எடுத்தால், ஆளுக்கு ஒரு பங்கு என்று காலை வெயில் ஏற முன்பே அடைத்து முடிக்கலாம்.

இனித் தண்ணீர்க் கணக்கு. ஈரச் சக்கையில் 75 முதல் 80 வீதம் தண்ணீர். ஒரு தொன் வாங்கினால் உள்ளே இருக்கும் உலர்பொருள் 220 கிலோ அளவுதான். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம் என்று வைத்தால் 55 கிலோ. தேங்காய்ப் புண்ணாக்கு ஒரு கிலோவில் 180 முதல் 190 கிராம் புரதம் இருக்கும். அந்த 55 கிலோ புரதத்துக்கு 300 கிலோ புண்ணாக்கு போதும். அதாவது ஏறக்குறைய 3.3 கிலோ சக்கைதான் ஒரு கிலோ புண்ணாக்குக்குச் சமம். அடைப்பில் பத்தில் ஒரு பங்கு கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கொட்டில் வாசலில் இறக்கிய சக்கையின் கிலோ விலை புண்ணாக்கு விலையின் நாலில் ஒன்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் புண்ணாக்கே மலிவு. ஆலை விலையைக் கேட்டு மயங்கி, லொறிக் கூலியை மறந்து வாங்குபவர்கள்தான் நட்டப்படுகிறார்கள்.

ஈரத்தைப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கால் தண்ணீர் ஒழுகி ஓடினால் 80 வீதத்துக்கு மேல். கை நனைந்து, துளியாக மட்டும் சொட்டினால் பரவாயில்லை. சரியான கணக்கு வேண்டுமென்றால் ஒரு கிலோவைத் தகரத்தில் மெல்லிதாகப் பரப்பி, கச்சான் (தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று) அடிக்கும் காலத்து வெயிலில் மொறமொறவென்று காயும்வரை வைத்து நிறுத்துப் பாருங்கள். 250 கிராம் நின்றால் நல்ல சரக்கு. 200 கிராமுக்குக் கீழே போனால் அடுத்த லொறிக்கு விலை பேச வேண்டும்.

அடைப்பதுதான் முழு வேலையின் உயிர். திறந்து கொட்டி வைத்த சக்கை நம் வெப்பத்தில் மறுநாளே சூடேறிப் புளிக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் மேலே வெள்ளைப் படலம், அதற்குப் பிறகு பச்சைப் பூஞ்சணம், ஈ, புழு. காற்றில்லாமல் அடைத்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

200 லீற்றர் நீல பிளாஸ்ரிக் பரல், இரும்பு வளையம் போட்ட மூடியுள்ளது, மிகவும் வசதி. இரசாயனம் வந்த பரல் வேண்டாம். உணவுப்பொருள் வந்ததாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தனிச் சக்கையை அடைத்தால் அடியில் தண்ணீர் இறங்கி நாறும். அதனால் 100 கிலோ சக்கைக்கு 15 கிலோ கோதுமைத் தவிடு கலக்கிறோம். திருகோணமலையில் மா ஆலை இருப்பதால் கோதுமைத் தவிடு நமக்குச் சிரமமில்லை. இந்த அளவில் உலர்பொருள் 22 வீதத்திலிருந்து 30 வீதத்துக்கு ஏறும். அரிசித் தவிட்டில் எண்ணெய் அதிகம், சீக்கிரம் காறும், ஆகவே அது இரண்டாந்தரம். தவிடு இல்லையென்றால் விரல் நீளத்துக்கு வெட்டிய வைக்கோல் 10 கிலோ.

சாறு வடித்த கோது என்பதால் சக்கையில் சீனி குறைவு. நல்ல புளிப்பு விரைவாக வர 100 கிலோவுக்கு 2 கிலோ மொலாசஸை (சீனி ஆலையில் மிஞ்சும் கரிய பாகு) சம அளவு தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். கந்தளாய்ச் சீனி ஆலை 1993 இல் மூடியதிலிருந்து மொலாசஸும் வெளியிலிருந்து வரும் பொருள்தான். ஒரு கிலோ உப்பும் சேர்க்கலாம். ஆனால் அந்த உப்பைத் தீனிக் கணக்கில் பிறகு கழித்துக்கொள்ள வேண்டும்.

பரலின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல். அதன்மேல் 15 சென்ரிமீற்றர் படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் சுத்தமான காலால் ஏறி மிதிக்க வேண்டும். ஓரங்களை உலக்கையால் இடிக்க வேண்டும், ஏனென்றால் காற்று நிற்பது ஓரத்தில்தான். வாய்மட்டம் வரை நிரப்பி, பொலித்தீன் விரித்து, அதன்மேல் மணல் நிரப்பிய பை வைத்து மூடியை இறுக்குங்கள். பாதிப் பரலில் நிறுத்தி "மிச்சத்தை நாளைக்குப் போடுவோம்" என்றால் மேல் அரைப்பங்கு வீண். மூன்று கிழமை கழித்துத் திறக்கலாம். அப்பத்துக்குப் புளிக்க வைத்த மாவின் மணம் வந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது. மூக்கைத் துளைக்கும் நாற்றமும் வழுவழுப்பும் இருந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது.

திறந்த பரலை ஒரு கிழமைக்குள் முடிக்க வேண்டும். ஒரு பரலில் 180 கிலோ அளவு பிடிக்கும். ஐந்து மாட்டுக்கு ஆளுக்கு 5 கிலோ போட்டால் ஏழு நாள். இரண்டு, மூன்று மாடு வைத்திருப்பவருக்குப் பரல் பொருந்தாது. இரட்டைப் பொலித்தீன் போட்ட உரப்பையில் 40 கிலோவாக அடைத்து, காற்றைப் பிதுக்கி, டயர் ரியூப் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். பைக்கு எதிரி எலி. ஒரு துளை விழுந்தால் அதைச் சுற்றி ஒரு முழம் பூஞ்சணம்.

நிலாவெளி, குச்சவெளி போன்ற மணல் நிலத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சக்கையிலிருந்து வடியும் தண்ணீர் கிணற்றுக்கு நேரே இறங்கும். இறக்குமிடமும் அடைப்பு இடமும் கிணற்றை விட்டுத் தூரமாக, சீமெந்துத் தளத்தில் இருக்கட்டும். வடிந்ததை வாளியில் பிடித்துத் தண்ணீர் கலந்து புல்லுக்கு ஊற்றலாம்.

வாங்கும் காலமும் முக்கியம். ஐப்பசி முதல் தை வரை மழையில் இறக்கினால் ஈரம் கூடும், புல்லும் அப்போது தாராளம். சித்திரை, வைகாசியில் அடைத்து, புல் கருகும் ஆடி, ஆவணியில் திறப்பதுதான் பயன். கச்சான் அடிக்கும் மாதங்களில் சீமெந்துத் தளத்தில் 3 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, அடிக்கடி கிளறி, இரவில் மூடி, இரண்டு மூன்று நாளில் காயவைத்தும் வைக்கலாம். ஆனால் ஆள் கூலி அதிகம், காகத்தோடும் ஈயோடும் போராட்டம்.

கொடுக்கும் அளவு. 350 கிலோ நிறையுள்ள, 8 லீற்றர் கறக்கும் கலப்பு மாட்டுக்கு நாளுக்கு 5 முதல் 6 கிலோ ஈரச் சக்கை, காலை மாலை இரண்டாகப் பிரித்து. ஒரு கிலோவில் தொடங்கி இரண்டு கிழமையில் ஏற்றுங்கள். மாடு உண்ணும் மொத்த உலர்பொருளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் சக்கை போகக்கூடாது. பால் எருமைக்கும் இதே அளவு. நாலு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம்.

வைக்கோலில் புரதம் மிகக் குறைவு, சக்கையில் அதிகம். இரண்டும் நல்ல சோடி. ஆனால் இந்த இரண்டை மட்டும் போட்டால் சக்தி போதாது. குருணலோ, மொலாசஸோ, சீ.ஓ.3 என்ற கலப்பு நேப்பியர் தீவனப் புல்லோ சேர வேண்டும். சக்கை வந்ததும் வைக்கோலைக் குறைப்பவர்களுக்குப் பால் அளவு கூடினாலும் கொழுப்பு வீதம் இறங்கும், சேகரிப்பு நிலையத்தில் விலை இறங்கும். நார் குறையாமல் வைத்திருங்கள்.

சக்கையில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. தவிடும் அப்படியே. ஊறவைத்து வடித்ததால் சோடியம், பொற்றாசியமும் கழுவுப்பட்டுப் போயிருக்கும். அதனால் நாளுக்கு 30 முதல் 40 கிராம் சுண்ணக்கல் மா, 30 கிராம் உப்பு, 50 கிராம் தாது உப்புக் கலவை சேர்ப்பது எங்கள் வழக்கம். இதை விட்டுவிட்டு நீண்ட காலம் சக்கை கொடுத்தால் கன்று போட்ட மாடு படுத்துவிடும் ஆபத்து கூடும்.

எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். 5 கிலோ ஈரச் சக்கையில் உள்ள சக்தி, கணக்குப்படி இரண்டு லீற்றர் பாலுக்குப் போதும். மாடு வேறு தீனியைக் குறைத்து உண்ணும் என்பதால் கையில் வருவது ஒரு லீற்றர் அளவு. ஏற்கனவே புண்ணாக்கு போதியளவு உண்ணும் மாட்டில் பால் கூடாது, செலவு மட்டும் குறையும். கறந்து முடித்த பிறகே சக்கை வையுங்கள். கறக்க முன் வைத்தால் புளிப்பு மணம் பாலில் ஏறும்.

கெட்டதை அடையாளம் காண்பதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் பூஞ்சணம் கண்டால் அந்த இடத்தோடு சுற்றி ஒரு சாண் தள்ளி வெட்டி எறிய வேண்டும். அதைக் கறவை வற்றிய மாட்டுக்கோ கோழிக்கோ போடவே கூடாது. சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்லரொக்சின் நச்சு பாலுக்கும் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. பிள்ளைகள் குடிக்கும் பால் அது. முளைத்த தானியத்தில் வளரும் வேறொரு பூஞ்சணம் நரம்பைத் தாக்கும்: உடல் நடுங்கும், பின்னங்கால் மடியும். பரலுக்குள் செத்த எலி கிடந்தால் முழுப் பரலையும் புதைத்துவிடுங்கள். அதில் பொற்றுலிசம் நச்சு உண்டாகும், நாக்கு தொங்கி, விழுங்க முடியாமல் மாடு விழும். இந்த அறிகுறி எதைக் கண்டாலும் சக்கையை உடனே நிறுத்தி, ஒரு கிலோ மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

மற்றக் கழிவுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஈஸ்ட் மண்டியில் புரதம் மிக அதிகம், ஆனால் உயிருள்ள ஈஸ்ட் வயிற்றில் புளித்து ஊதவைக்கும். கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு லீற்றருக்கு மேற்படாமல் கொடுக்கலாம். விறகுச் செலவுக்கு அது கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். கள்ளு மண்டியும் அப்படியே. சாராயம் வடித்தபின் மிஞ்சும் தண்ணீர் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான், ஏற்றி வரப் பெறுமதி இல்லை. மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தின் கரிய கழிவில் பொற்றாசியமும் கந்தகமும் மிகை. கந்தகம் மிஞ்சினால் விற்றமின் பீ1 குறைந்ததுபோல மூளை பாதித்து, கண் தெரியாமல் தலையைச் சுவரில் முட்டும். அதைக் கொட்டிலுக்குள் எடுக்காதீர்கள். செப்புப் பாத்திரத்தில் வடித்த கழிவை எதுவானாலும் செம்மறிக்குக் காட்டவே கூடாது. மாடு தாங்கும் செம்பு செம்மறியின் ஈரலைக் கொன்றுவிடும்.