வேலூரில் ஒரே மேடையில் பாடிய இரண்டு குழுக்களை ஏமாற்றியவர்: ஓர் எச்சரிக்கை

என் இசைக்குழுவுடன் ஊர் ஊராகச் சென்று என் சொந்தத் தமிழ் ராக் பாடல்களைப் பாடிவருகிறேன். கடந்த மாதம் வேலூரில் ஒரு தனியார் கிளப்பின் புல்வெளியில் எனக்கு நேர்ந்ததை, இந்த வட்டாரத்தில் மேடை தேடும் இசைக்குழுக்களும் நாட்டுப்புறக் கலைஞர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நுழைவுச்சீட்டு 300 ரூபாய் என்றும், வசூலில் 60 விழுக்காட்டை நானும் குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் பம்பை, பறை, கைச்சிலம்புக் குழுவும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் ஏற்பாட்டாளர் இரு தரப்பிடமும் தனித்தனியே தொலைபேசியில் பேசியிருந்தார். தனித்தனியே பேசியதில்தான் சூது இருந்தது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கி மாலை 4 மணிக்கு அங்கே சென்றபோது, எங்களுக்கு ஏழு மைக்குகளும், இரட்டை மேளமான பம்பையின் நான்கு முகங்கள், இரண்டு பறைகள், பாட்டு ஆகிய எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அவர்களுக்கு ஒரே ஒரு மைக்கும் வைத்திருந்தார்கள். எங்களுடையதில் இரண்டைக் கொடுத்தேன். அனலில் காய்ச்சினால்தான் பறையின் தோல் இறுகிக் கணீரென்று பேசும். புல் கருகிவிடும் என்று அதற்கும் அனுமதி மறுத்துவிட்டார்கள். குழுவின் பெரியவர் சமையற்கட்டின் பின்புறம் சென்று, எரிந்துகொண்டிருந்த அடுப்பின் முன் பறையைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு கூட்டத்தை நாற்காலியிலிருந்து எழுப்பியது அந்தப் பறைதான்; என் பாடல்கள் அல்ல.

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டின் விதி தெரிந்திருந்தும் நிகழ்ச்சியைத் தாமதமாகத் தொடங்கியதால், பம்பைக் குழுவுக்குக் கிடைத்தது 25 நிமிடமே. கருவிகளை மூட்டை கட்டும் அவசரத்தில் நாங்கள் இருந்தபோது, விற்றவை 62 சீட்டுகளே என்று கூறி, என் பங்காக 5,580 ரூபாய்க்கு ஒரு காசோலையை ஏற்பாட்டாளர் நீட்டினார். வரிசைக்குப் பன்னிரண்டாகப் பன்னிரண்டு வரிசை நாற்காலிகள் நிரம்பியிருந்ததை மேடையிலிருந்து நானே பார்த்திருந்தேன். தரையில் கிடந்த ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தால், அதன் வரிசை எண் 139. சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைக் காட்டுங்கள் என்று கேட்டேன். கணக்காளர் எடுத்துச் சென்றுவிட்டார் என்றார்.

வெளியே குட்டியானை வண்டியின் அருகில் அந்தப் பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். "தம்பி, எங்க பங்கையும் சேத்து உங்க கையில குடுத்துட்டதா சொல்றாரே, வண்டி வாடகைக்காவது இப்பக் குடுத்தா போதும்" என்றார். நான் காசோலையை விரித்துக் காட்டினேன். அவர் தொகையைப் படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் உள்ளே திரும்பியபோது ஏற்பாட்டாளர் போய்விட்டிருந்தார். வண்டி வாடகையை நான் கொடுத்தேன். அவர் குழுவின் ஐந்து பேரின் உழைப்புக்குக் கூலி என்று ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை.

காசோலையும் கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138-ஆவது பிரிவின்படி, வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் காசோலை தந்தவருக்கு எழுத்து மூலம் அறிவிக்கை அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தரலாம். இந்த நாட்கணக்கைத் தவறவிட்டு வழக்கை இழக்காதீர்கள்.

ஒரே மேடையில் இரு குழுக்கள் இருந்தால், ஒலிச் சரிபார்ப்புக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து, தங்களிடம் சொல்லப்பட்ட தொகையை ஒப்பிட்டு, ஒரே தாளில் எழுதி ஏற்பாட்டாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாயிலில் உங்கள் ஆள் ஒருவரை நிறுத்தி, முதல் சீட்டின் எண்ணையும் கடைசிச் சீட்டின் எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாங்கள் இதைச் செய்திருந்தால், 140 சீட்டுகள் என்று வைத்தாலும் ஒவ்வொரு குழுவுக்கும் 12,600 ரூபாய் கிடைத்திருக்கும்.

என் அறிவிக்கை அவருக்குக் கிடைத்துப் பதினொரு நாட்கள் ஆகின்றன. இதுவரை பதில் இல்லை.