கெய்ரோ குகைக் கோயிலுக்கு டிக்கெட் கிடையாது, யாரிடமும் வாங்காதீர்கள்

கெய்ரோ போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். மொக்கத்தம் மலையில் இருக்கும் புனித சீமோன் மடத்துக்கு, குகைக்குள் பெரிய தேவாலயம் இருக்கிறதே அந்த இடத்துக்கு, நுழைவுக் கட்டணமே இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 135 டாலர் ஆனது.

நான், மனைவி, மாமியார் என மூன்று பேர் போயிருந்தோம். ஹோட்டல் வரவேற்பறையில் மேசை போட்டிருந்த சுற்றுலா ஏஜென்ட் பேச்சை ஆரம்பித்ததே பயமுறுத்தித்தான். அது குப்பைக்காரர்கள் வாழும் பகுதி, வெளியாட்கள் தனியாகப் போனால் பத்திரமில்லை, போலீஸ் அனுமதி வேண்டும், கோயில் டிக்கெட், கைடு, கார் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 45 டாலர் என்றார். "கோயிலுக்குப் போக எதுக்கு மாப்பிள்ளை டிக்கெட்?" என்று மாமியார் அப்போதே கேட்டார். வெளிநாட்டு வழக்கம் நமக்கென்ன தெரியும் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய கார் பத்தேகாலுக்கு வந்தது. வந்தது நேராக மலைக்குப் போகவில்லை. முதலில் பாப்பிரஸ் ஓவியக் கடை, அடுத்து அத்தர் கடை. இரண்டிலும் கதவைச் சாத்திவிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். எதுவும் வாங்காமல் எழுந்ததும் கைடின் முகம் மாறிவிட்டது. மொக்கத்தம் அடிவாரத்தை அடையும்போது மணி ஒன்று.

அந்த 'ஆபத்தான' பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் மன்ஷியத் நாசர். நகரத்துக் குப்பையை வீடு வீடாகச் சேகரித்துத் தரம் பிரிக்கும் ஸபாலீன் மக்கள் வாழும் இடம். பெரும்பாலும் கோப்டிக் கிறிஸ்தவர்கள், அதாவது எகிப்தின் பழமையான கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். வீட்டு வாசலிலேயே ஒருபக்கம் அட்டை, ஒருபக்கம் பிளாஸ்டிக், ஒருபக்கம் தகரம் என்று குவித்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாற்றம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் எங்களை யாரும் முறைக்கக்கூட இல்லை. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பையன் ஒருவன் மாமியாருக்குக் கையசைத்தான், அவ்வளவுதான்.

அங்கே ஒரு மொட்டை மாடிக்கு ஏற்றி, சுவரோவியம் பார்க்கத் தனியாக ஆளுக்கு 100 எகிப்து பவுண்டு வாங்கினார் கைடு. எல் சீட் என்ற கலைஞர் 2016இல் ஏறத்தாழ ஐம்பது கட்டடங்களின் சுவர்களில் சேர்த்து வரைந்த அரபு எழுத்தோவியம் அது. மலைமேலிருந்து பார்த்தால்தான் துண்டுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து முழு வட்டமாகத் தெரியும். மாடியிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது ஆரஞ்சும் வெள்ளையுமாக நாலு கோடு.

மடத்து வாசல் திறந்தே கிடந்தது. கைடு முன்னால் போய்க் காவலாளியிடம் ஏதோ பேசுவதுபோல் பேசிவிட்டு, இளஞ்சிவப்புத் துண்டுச்சீட்டு மூன்றைக் கையில் கொடுத்தார். டிக்கெட்டாம்.

உள்ளே போனதும் கொஞ்ச நேரம் கோபம் மறந்துபோனது உண்மை. தலைக்கு மேல் மலையே கூரையாகக் கவிந்திருக்க, வளைந்த வரிசைகளில் இருக்கைகள் படிப்படியாகக் கீழிறங்கிப் பீடத்தில் போய் முடிகின்றன. சுமார் 20,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். "ஆயிரம் வருஷத்துப் பழைய கோயில்" என்றார் கைடு. அதுவும் தப்பு. கதைதான் பத்தாம் நூற்றாண்டு: கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையையே நகர்த்தலாம் என்கிறதே உங்கள் வேதம், நகர்த்திக் காட்டு என்று கலீபா சவால்விட, ஒற்றைக்கண் தோல் தொழிலாளி சீமோனின் ஜெபத்தால் மலை எழும்பியதாக நம்பிக்கை. தேவாலயமோ ஸபாலீன் மக்கள் இங்கே குடியேறிய பிறகு, 1970களுக்கு அப்புறம் உருவானது. பாறைச் சிற்பங்கள் மரியோ என்ற போலந்துக் கலைஞர் செதுக்கியவை.

மாமியார் செபமாலையை எடுத்து உட்கார்ந்தார். இரண்டாவது பத்து முடியவில்லை, கைடு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டு வந்து நின்றார். மொத்தம் 25 நிமிடம்.

"நீங்க போங்க தம்பி, நாங்க வர்றோம்" என்று அவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு மாமியார் அசையாமல் இருந்துவிட்டார். கைடு பத்து நிமிடம் முணுமுணுத்துவிட்டு நிஜமாகவே காரோடு கிளம்பிப் போய்விட்டார். செபமாலை நிதானமாக முடிந்தது. பிறகு வெளியே வந்து ஊபர் கூப்பிட்டோம். ஹோட்டலுக்கு 140 பவுண்டு, மூன்று டாலர்கூட இல்லை.

இரவு ஹோட்டல் பையனிடம் அந்த இளஞ்சிவப்புச் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தான். வேறெங்கோ கார் நிறுத்தியதற்கான ரசீது அது. மூன்றும் மூன்று வேறு தேதி.

ஏஜென்டிடம் காட்டிப் பணம் கேட்டேன். "அது கோயிலுக்கு நன்கொடை சார், திருப்பித் தர முடியாது" என்றார். நன்கொடைக்கு ரசீது கேட்டதற்கு நாளைக்கு வரச் சொன்னார். மறுநாள் காலை மேசை இருந்தது, ஆள் இல்லை. ஹோட்டல்காரர்களோ அவருக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள்.