அஞ்சடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய சுவர்

பினாங்கு சூலியா ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய கடைவீட்டின் பக்கச்சுவரில் இளம் ஓவியர்கள் வரைந்திருக்கும் படத்தை நின்றபடி பார்த்தால் பாதிதான் பிடிபடும். 9 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். வீடில்லாமல் தெருவில் வாழும் பெண்களைப் பற்றியது. தரையிலிருந்து சுமார் 70 செ.மீ. உயரத்தில் பார்வைக்கோட்டை வைத்திருக்கிறார்கள். அஞ்சடியில், அதாவது கடைவீட்டு முகப்பின் கூரையுள்ள நடைபாதையில், அட்டை விரித்து உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம் அது. நாமும் குந்தி உட்கார்ந்தால் தூண்கள் நேராகும், கடந்துபோகிறவர்களின் கால்கள் பூதாகரமாக எழும். இதற்காகவே இவர்களை வாயாரப் பாராட்டலாம்.

முகங்களே இல்லை, கைகளும் முதுகுகளும்தான். அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்ணை ஊரறியும் சுவரில் காட்டிக்கொடுக்கக் கூடாதே. இடது ஓரத்தில் ஒரு முந்தானை முடிச்சு; அதிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட அடையாள அட்டையின் நீல விளிம்பு மட்டும் எட்டிப்பார்க்கிறது. அது தொலைந்தால் கிளினிக், வேலை, உதவித்தொகை எல்லாமே சிக்கல் என்று தெரிந்த கை வரைந்த முடிச்சு. நடுவில் இருப்பவள் தெருவிளக்கடியில் விழித்திருக்கிறாள். தெருவில் இருக்கும் பெண்கள் பலர் பயத்தில் இரவெல்லாம் கண்விழித்து, பகலில்தான் கண்ணயர்வார்கள். ‘பகலெல்லாம் தூங்குகிறாள்’ என்று ஏசுகிறவர்கள் அவள் எதிரே கொஞ்ச நேரம் உட்காரட்டும்.

குறை சுவரில் இருக்கிறது. இந்தக் கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். தரை ஈரம் செங்கல் வழியே ஏறி, பூச்சு வழியே வெளியேறியாக வேண்டும். இங்கே அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட் அடித்து, மேலே வார்னிஷும் பூசிவிட்டார்கள். ஈரத்தோடு வரும் உப்பு பெயிண்டுக்குப் பின்னால் படிகமாகி அதை வெளியே தள்ளுகிறது. தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை கொப்புளமும் வெள்ளைப் பூப்பும். பெண்களின் பாதங்களும் படுக்கையும் இருப்பதும் அங்கேதான். பார்க்க மனசு கேட்கவில்லை. மேலே காவியும் மஞ்சட்காவியும் அப்படியே இருக்கின்றன. சேலையின் பளிச்சிட்ட இளஞ்சிவப்பு மட்டும் வெயிலில் வெளுத்துவிட்டது.

சிமெண்ட் பூசி மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஈரம் இன்னும் மேலே ஏறும். கீழ் ஒரு மீட்டரைச் செங்கல் தெரியும்வரை சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டியெடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். பிறகு சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து மெல்லிய பூச்சுகளாகப் பூசி, வெயிலில் வெடிக்காமலிருக்க நாலைந்து நாள் ஈரச்சாக்கு போர்த்த வேண்டும். நன்றாகக் காய்ந்ததும், ஈரத்தை அடைக்காத சிலிக்கேட் பெயிண்ட். வார்னிஷ் கூடவே கூடாது. ஜனவரி, பிப்ரவரிதான் தோதான மாதங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் கைவைக்கக் கூடாது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வட்டாரம் என்பதால் மாநகர் மன்ற அனுமதியை முதலில் வாங்கிவிடுவது நல்லது.

விளக்கப் பலகையில் ஆதரவாளர்களின் சின்னங்கள் பாதி இடத்தை அடைத்திருக்கின்றன. வீட்டு வன்முறைக்கு ஆளானவர்கள் அழைக்கக்கூடிய, 24 மணி நேரமும் இயங்கும் அரசின் தாலியான் காசே உதவி எண் 15999ஐக் காணோம். பலகையும் தலைக்கு மேலே தொங்குகிறது. புதுப் பூச்சு காய்ந்ததும் அந்த எண்ணைச் சுவரிலேயே, 70 செ.மீ. உயரத்தில், பெரிதாக எழுதிவிடுங்கள்.