ஒரு பட்டா, மூன்று மனுக்கள், 31 நடை

அப்பாவின் நிலத்தைப் பங்கு பேசி முடிக்க அண்ணனுக்கும் எனக்கும் ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. அந்தப் பங்கு அரசாங்கக் கணக்கில் ஏற இரண்டு ஆண்டு பதினோரு மாதங்கள் ஆயின. அதற்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான் நடந்த நடை 31. இது குத்துமதிப்பான எண் இல்லை. போன தேதி, பார்த்தவர் என்ன பொறுப்பில் இருக்கிறார், என்ன சொன்னார் என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பட்டாவை உட்பிரிவு செய்து, அதாவது நிலத்தைப் பிரித்து ஆளுக்கொரு தனிப் பட்டா வாங்கப் போகிறவர்கள் முழுவதும் படியுங்கள்.

எங்கள் பூமி நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடைப்பட்ட மேட்டாங்காடு. நாலு ஏக்கர் இருபது சென்ட், ஒரு கிணறு, தெற்கே கொஞ்சம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா 2017 புரட்டாசியில் காலமானார். வாரிசுச் சான்றிதழ் வாங்க 2018இல் ஏழு வாரம் ஆனது. சாட்சிகளை அழைத்துப் போவதும் விசாரணையும் இருந்ததால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். 2019 ஆவணியில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. காலையில் போனோம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். வடபாதி அண்ணனுக்கு, தென்பாதி எனக்கு, கிணற்றில் ஆளுக்குப் பாதி, கிணற்றுக்குப் போய்வர இட்டேரியிலிருந்து (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) பொதுத் தடம். பத்திரத்தில் நான்கு எல்லைகளை எழுதும் செக்குபந்தியில் ஒரு சொல்லுக்குக்கூட இருவருக்கும் சண்டை இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலேயே இ-சேவை மையம் இருக்கிறது. மகளுக்கு 2021இல் பொறியியல் கலந்தாய்வுக்காக முதல் பட்டதாரிச் சான்று தேவைப்பட்டது. கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மனு ஒவ்வொரு மேசையாக நகர்வது கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வந்துகொண்டே இருந்தது. நான்காம் நாள் சான்றிதழ் கையில் இருந்தது. வருமானச் சான்றும் அதே வேகம். அப்பா காலத்தில் ஒரு சாதிச் சான்றுக்கு அவர் எத்தனை நாள் காடு வேலையை விட்டுவிட்டு அலைந்தார் என்பதைப் பார்த்தவள் நான். அந்த மாற்றத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் நான் கண்டது இதுதான்: மேசையில் உட்கார்ந்தபடி முடிக்கக்கூடிய வேலை எல்லாம் இப்போது வேகமாக நடக்கிறது. ஒருவர் எழுந்து காட்டுக்கு வந்து கால் வைத்து அளக்க வேண்டிய வேலை பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒரு சர்வே எண்ணை முழுதாக விற்றால் பத்திரம் பதிவானதுமே பட்டா தானாக மாறும் வசதி வந்துவிட்டது. அதே எண்ணை இரண்டாகப் பிரித்தால் நில அளவர் வர வேண்டும். அங்கேதான் எல்லாரும் நிற்கிறோம்.

2019 நவம்பரில் முதல் மனு கொடுத்தேன். உட்பிரிவு இல்லாத மாறுதலுக்கு 15 நாள், உட்பிரிவு உள்ளதற்கு 30 நாள் என்று சொன்னார்கள். 28ஆம் நாள் செய்தி வந்தது: நிராகரிக்கப்பட்டது. காரணம், ஆவணங்கள் போதவில்லை. எந்த ஆவணம் என்று ஒரு வரிகூட இல்லை. நேரில் போய்க் கேட்டபோது, தாய்ப்பத்திரத்தின் ஒரு பக்கம் தெளிவாக இல்லை என்றார் ஒருவர். வில்லங்கச் சான்று இன்னும் பின்னுக்குப் போய் எடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டையும் சரிசெய்து 2020 பிப்ரவரியில் இரண்டாவது மனு. மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த மாதங்களை நான் கணக்கில் சேர்த்துக் குறை சொல்லவில்லை, அன்று எல்லாருக்கும் உயிர்தான் பெரிது. ஆனால் அலுவலகம் திறந்து, திருமணங்கள் நடந்து, சந்தை கூடத் தொடங்கிய பிறகும் மனு ‘நிலுவையில்’ என்ற ஒரே சொல்லோடு கிடந்தது. 2021 மார்ச்சில் அதுவும் நிராகரிக்கப்பட்டது. காரணம்: அளவீட்டின்போது மனுதாரர் நேரில் வரவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அளவர் எந்த நாளில் வருவார் என்று எனக்கோ அண்ணனுக்கோ பக்கத்துக் காட்டுக்காரருக்கோ ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. நான் அந்தக் காட்டு வீட்டிலேயே குடியிருப்பவள். எங்கள் நிலத்துக்கு யார் வந்தாலும் முதலில் நாய் குரைக்கும், அடுத்து நான்தான் வெளியே வருவேன்.

பிறகு என்னைப்போல் காத்திருந்தவர்களிடம் பேசியபோதுதான் விஷயம் விளங்கியது. கணினியில் கெடு நாள் ஓடுகிறது. கெடுவுக்குள் வேலை முடியாவிட்டால் தாமதம் என்று மேலே தெரியும். கெடுவுக்குள் நிராகரித்துவிட்டால் அந்த மனு முடிந்த கணக்கில் சேர்ந்துவிடும். மறுபடி 60 ரூபாய் கட்டிப் புது மனு போட்டால் நாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். என் மூன்று ஆண்டுக் காத்திருப்பு அவர்கள் கணக்கில் மூன்று தனித்தனி மனுக்கள், அவற்றில் இரண்டு எப்போதோ முடிந்தவை. அந்த அலுவலகத்தின் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் என்னைப் போன்ற ஒருத்தி காத்திருந்ததே தெரியாது. தாமதத்தைவிட இது எனக்கு அதிகம் வலித்தது.

அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஐந்தாவது நடையிலேயே என் பெயரும் சர்வே எண்ணும் அவருக்குத் தெரிந்திருந்தது. “ஏன் அம்மிணி வெயிலில் அலைகிறீர்கள், ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன்” என்று ஒரு தொகை சொன்னார். நான் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களை நான் குற்றம் சொல்லவும் மாட்டேன். கிணற்றில் மோட்டார் எரிந்துபோய் வங்கிக் கடனுக்குப் பட்டாவை எதிர்பார்த்து நின்ற ஒருவர் கொடுத்ததை நேரில் பார்த்தேன். அவருக்கு வேறு வழி இல்லை.

அளவரையும் ஒருமுறை பிடித்துக் கேட்டேன். இளவயதுப் பையன். இரண்டு குறுவட்டங்களை (ஒவ்வொன்றிலும் பல கிராமங்கள்) ஒருவனே பார்ப்பதாகவும், நடுவில் சாலை அகலப்படுத்தும் வேலைக்கும் அனுப்பிவிடுவதாகவும் சொன்னான். அவன் முகத்தில் தெரிந்த களைப்பு பொய் இல்லை. ஆள் குறைவு என்றால் ஆள் குறைவு என்று எழுதிப் போடட்டும், நான்கு மாதம் ஆகும் என்று சொல்லட்டும். நான்கு மாதம் பொறுக்க எனக்குத் தெரியும். ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று நான்கு மாதம் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

2021 ஆகஸ்டில் மூன்றாவது மனு. அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து பெண்களுக்கு நகரப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் பயணச் செலவாவது மிச்சமானது. ஆறு மாதம் ஓடியது. பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர் ஒரு யோசனை சொன்னார். இரண்டு கிராமங்களைக் கவனிக்கும் மனிதர், வேலை முடித்து ராத்திரியில்கூடத் தொலைபேசியை எடுப்பார். “தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் அம்மா, கோபமாக எழுத வேண்டாம், தேதிகளை மட்டும் கேளுங்கள்” என்றார்.

2022 மார்ச்சில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான் கேட்டவை இவ்வளவுதான்: என் மனு எந்தத் தேதியில் எந்தப் பொறுப்பில் உள்ளவரிடம் போனது, அவரிடம் எத்தனை நாள் இருந்தது, என் மனுவுக்குப் பிறகு அதே குறுவட்டத்தில் பதிவான உட்பிரிவு மனுக்களில் எத்தனை அளந்து முடிக்கப்பட்டன, முந்தைய மனுவில் அளவீட்டு அறிவிப்பு அனுப்பியதற்கான தபால் சான்றின் நகல். ஏன் தாமதம் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் விளக்கம் எழுதிவிட முடியும். தேதியைக் கேட்டால் தேதியைத்தான் எழுத வேண்டும்.

சட்டம் தந்த 30 நாளில் 29ஆம் நாள் பதில் வந்தது. மனு நில அளவைப் பிரிவில் ஐந்து மாதத்துக்கு மேல் அசையாமல் இருந்திருக்கிறது. எனக்குப் பின்னால் பதிவான 11 மனுக்களுக்கு அளவை முடிந்திருந்தது. அறிவிப்பு அனுப்பிய சான்று ‘கோப்பில் இல்லை’. அந்த ஒற்றைத் தாளை எடுத்துக்கொண்டு ஜூன் மாதம், வருவாய்க் கணக்கை ஆண்டுக்கொருமுறை சரிபார்க்கும் ஜமாபந்திக்குப் போனேன். 1431ஆம் பசலி (வருவாய் ஆண்டு) கணக்கை முடிக்க அதிகாரிகள் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருந்த நாள். மனுவோடு அந்தப் பதிலின் நகலையும் இணைத்தேன். விசாரித்த அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, அங்கேயே அளவரை அழைத்துத் தேதி குறிக்கச் சொன்னார். மூன்று ஆண்டில் முதன்முறையாக எனக்கு ஒரு தேதி கிடைத்தது.

ஆடி மாதம், காற்றுக் காலம். காலை ஏழரைக்கெல்லாம் அளவர் வந்துவிட்டார். நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தை விரித்தால் காற்று பிடுங்கியது, நான்கு மூலையிலும் கல் வைத்தோம். வடமேற்கு எல்லைக்கல் கிடைக்கவில்லை. கிளுவை வேலி எந்த வருஷமோ அதை விழுங்கியிருந்தது. அண்ணனும் பக்கத்துக் காட்டுப் பெரியப்பாவும் கடப்பாரையால் முள்ளை விலக்கித் தோண்ட, முழங்கை ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. அதன் பிறகு வேலை சரசரவென்று போனது. சங்கிலியைப் பிடித்த கையோடு அண்ணன் தன் பக்கம் அரை அடி போனாலும் பரவாயில்லை என்றான். அளவர் சிரித்துக்கொண்டே, கணக்கு கணக்குதான் என்றார். பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். நான்கு மணி நேர வேலை. அதற்குத்தான் அத்தனை மாதங்கள்.

2022 அக்டோபரில் பட்டா என் பெயரில் வந்தது: 0.85.0 ஹெக்டேர் (இரண்டு ஏக்கர் பத்து சென்ட்), புன்செய். தலைப்பெழுத்து தவறாக இருந்தது. அதைத் திருத்துவது மேசை வேலை என்பதால் ஐந்தே நாளில் முடிந்தது.

தாள்தானே, அதில்லாமல் விவசாயம் நடக்காதா என்று சிலர் கேட்டார்கள். பத்திரம் பதிவான தைரியத்தில் 2020இல் 100 தென்னம்பிள்ளை வைத்தேன். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு. அதற்குச் சிறு விவசாயி சான்று வேண்டும். அந்தச் சான்றுக்குப் போனால் கூட்டுப் பட்டா ஆகாது, தனிப் பட்டா கொண்டுவாருங்கள் என்றார்கள். கையில் காசு போட்டுக் குழாய் பதிக்க என்னால் ஆகவில்லை. இரண்டு கோடையில் குடத்தில் சுமந்து ஊற்றினோம். 38 பிள்ளைகள் காய்ந்தன. கோப்பில் ஒரு மனு ‘நிலுவையில்’ இருந்த அதே நாட்கள்தான் அவை.

எங்கள் உறவுப் பெண் ஒருத்தி கர்நாடகத்துச் சாமராஜநகரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அங்கே 2012 முதல் ‘சகாலா’ என்ற சேவை உரிமைத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. குறித்த நாளுக்குள் சேவை தராவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை மனுதாரருக்கு இழப்பீடு உண்டு என்று சட்டமே சொல்கிறது. கேரளத்திலும் 2012இல் சேவை உரிமைச் சட்டம் வந்தது. நான் அலைந்த ஆண்டுகளில் நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 20 ரூபாயில் தென்னம்பிள்ளை பிழைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் நாள் தவறினால் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று எழுதித் தரும் தாளுக்கு நான் பெரிய மதிப்பு வைக்கிறேன். அப்படி ஒரு சட்டத்தில், கெடுவுக்குள் காரணம் சொல்லாமல் நிராகரிப்பதையும் தாமதமாகவே எண்ண வேண்டும். ஒரே நிலத்துக்கு ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கொடுக்கும் மனுவை முதல் மனுவின் தேதியிலிருந்து எண்ண வேண்டும். அளவர் வரும் நாள் குறுஞ்செய்தியில் வர வேண்டும். சான்றிதழ் நகர்வதற்கெல்லாம் செய்தி அனுப்புகிற அதே கணினிக்கு இது முடியாத காரியமில்லை.

எல்லைக்கல் தோண்டிக் கொடுத்த பெரியப்பா இப்போது தன் இரண்டு மகன்களுக்கும் பூமியைப் பிரித்து எழுதியிருக்கிறார். உட்பிரிவு மனு கொடுத்து இன்றோடு 40 நாள், நிலுவை. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. புது நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் மனு எண்ணையும் தேதியையும் நானே எழுதிக் கொடுத்தேன். வருகிற திங்கட்கிழமை அவரோடு போகிறேன். தேதி கிடைக்காவிட்டால் மறுநாளே தபால், 10 ரூபாய் வில்லை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன்.