மோதிரம் தேடித் தருகிறேன் என்று மெட்டல் டிடெக்டரோடு வருபவர்களிடம் கவனம்: கடலூர் சில்வர் பீச்சில் எங்களுக்கு நடந்தது

மாசி மகம் வருகிறது. தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரிக்குக் கூட்டம் கூடும். எல்லாரும் கடலில் கால் நனைப்போம். யார் கையிலிருந்தோ கழுத்திலிருந்தோ ஏதாவது நழுவும். நழுவிய கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு போன் நம்பர் தருவார்கள்: "இவர்கிட்ட மெட்டல் டிடெக்டர் இருக்கு, எடுத்துக் குடுத்துடுவாரு." அந்த நம்பருக்குப் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். மனு கொடுத்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. அதனால் ஆளின் பெயரை இங்கே போடவில்லை.

பொங்கலுக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் சேலத்திலிருந்து வந்திருந்தார்கள். காணும் பொங்கல் சாயங்காலம் சில்வர் பீச்சில் நிற்க இடமில்லை. மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு குழந்தையை அலைக்கு மேலே தூக்கித் தூக்கி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரில் நின்று கை குளிர்ந்தால் விரல் கொஞ்சம் சுருங்கும். மோதிரம் கழன்று போய்விட்டது. கல்யாணத்தில் எங்கள் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட ஒரு பவுன் மோதிரம். அப்பா இப்போது இல்லை. அதை வெறும் 8 கிராம் தங்கமாகப் பார்க்க எங்களில் யாராலும் முடியவில்லை. குனிந்து, ஓடி, டார்ச் அடித்துத் தேடிய பதற்றத்தில் அவர் சட்டைப் பையில் இருந்த சாவிக்கொத்தும் மேல்மணலில் எங்கோ விழுந்துவிட்டது. கார் சாவி, சேலம் வீட்டுச் சாவி எல்லாம் அதில்தான்.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. அன்று கடலூர்ப் பக்கம் ஆற்றங்கரை, கடற்கரை எல்லாம் மறுபடியும் ஜனம் நிரம்பும். அதற்குள் தேடியாக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தபோதுதான் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு நம்பரைக் கொடுத்தார். அந்த ஆள் அனுப்பிய வீடியோக்களில் மணலைத் தோண்டி மோதிரம் எடுக்கிறார், பறிகொடுத்தவர்கள் அழுதுகொண்டே வாங்கிக்கொள்கிறார்கள். முன்பணம் 3,000 ரூபாய், கிடைத்தால் இன்னும் 5,000 என்றார். ஒரு பவுன் இன்று விற்கிற விலைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. போனிலேயே அனுப்பினோம்.

மறுநாள் காலை ஒரு உதவியாளோடு வந்தார். காதில் ஹெட்போன். வந்ததும் முதல் வேலையாக எங்களை அப்புறப்படுத்தினார். "உங்க போன் சிக்னல் மெஷினைக் குழப்பும் சார், எல்லாரும் ரோட்டுப் பக்கம் போய் நில்லுங்க." போனை டிடெக்டரின் வட்டத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது கத்தும் என்பது உண்மைதான். ஆனால் நாலு எட்டு தள்ளி நின்றாலே போதும், அல்லது போனை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கலாம். குடும்பத்தையே கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்ப எந்தக் காரணமும் கிடையாது.

என் மாமா மட்டும் போகவில்லை. வயதானவர், நடக்க முடியாது என்று சொல்லி ஒரு படகு நிழலில் உட்கார்ந்துகொண்டார். அந்த உதவியாள் ஈர மணலில் ஒரு இடத்தில் காலால் கிளறி, குனிந்து எதையோ எடுத்து இடுப்புப் பையில் போட்டதை அவர் பார்த்தார். உடனே கூப்பிட்டுக் கேட்டார், "தம்பி, என்ன எடுத்த?" அவன் இரண்டு நாணயத்தையும் ஒரு பீர் மூடியையும் எடுத்துக் காட்டினான். "பையைக் கவுத்துக் காட்டுப்பா" என்றார் மாமா. அவன் ஜிப்பை இழுத்து மூடிவிட்டான். நாங்கள் ஓடி வருவதற்குள் டிடெக்டர் வைத்திருந்த ஆள் குறுக்கே வந்தார். "நம்பிக்கை இல்லன்னா நாங்க கிளம்புறோம் சார். அப்புறம் ஒண்ணு, கடல்ல கிடைச்சது எடுத்தவனுக்குத்தான் சொந்தம். தெரிஞ்சுக்கங்க."

சொந்தம் இல்லை. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் நம் வாயை அடைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71: பிறர் தொலைத்த பொருளைக் கண்டெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்பவர், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவருக்குள்ள அதே பொறுப்புக்கு உட்பட்டவர். பரிசு தருவதாக நாம் அறிவித்திருந்தால் அந்தத் தொகைக்கு அவர் வழக்குப் போடலாம், அது வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் செய்யலாம்; பிரிவு 168 அதற்கு இடம் தருகிறது. ஆனால் யாருடையது என்று தெரிந்தும் எடுத்துத் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 314. ஏமாற்றிப் பணம் வாங்குவது பிரிவு 318.

அன்று இதெல்லாம் பேச நேரம் இல்லை. கோபத்தோடு நாங்கள் நிற்கும்போதே அவர் குரலை மாற்றிக்கொண்டு, "மோதிரத்தைக் கடல் இழுத்துட்டுப் போயிடுச்சு, அதுக்கு வேற மெஷின் இருக்கு" என்று காரிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். கைப்பிடி, அதில் சுழலும் ஒரு நீளமான ஆன்டெனா. கம்பி மெல்லத் திரும்பிக் கடலைக் காட்டியது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் தங்கம் எங்கே இருந்தாலும் காட்டுமாம். மோதிரம் 25 அடி ஆழத்தில் இருக்கிறதாம். படகுக்கும் முக்குளிக்கும் ஆளுக்கும் சேர்த்து 12,000 ஆகுமாம்.

இந்தக் கம்பி விஷயத்தில் மட்டும் யாரும் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள். மெட்டல் டிடெக்டர் வேலை செய்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தட்டில் உள்ள கம்பிச் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்கும். அது உலோகத்தில் பட்டால் அதற்குள் சின்ன சுழல் மின்னோட்டம் எழும். அதைக் கருவி உணரும். தூரம் கூடக்கூட இந்தப் புலம் படுவேகமாகக் குறையும், போகும்போதும் திரும்பும்போதும். அதனால் நல்ல கருவிக்கே ஒரு மோதிரம் சுமார் ஒரு சாண் ஆழம்வரைதான் எட்டும். மெல்லிய சங்கிலி என்றால் அதுவும் கஷ்டம், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக மிகச் சிறிய வளையம் என்பதால் சத்தம் மங்கலாகத்தான் வரும். 25 அடிக்குக் கீழே கிடக்கும் மோதிரத்தைக் கரையில் நின்று காட்டும் கருவி உலகத்தில் எங்கும் இல்லை.

கம்பி தானாகத் திரும்புவது போலத் தெரிவதற்குக் காரணம் பிடித்திருப்பவரின் மணிக்கட்டுதான். இதே மாதிரிக் கம்பி வைத்த ஏடிஇ 651 என்ற கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று சொல்லி இராக்குக்கு விற்றார் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற ஆங்கிலேயர். கோல்ஃப் பந்து தேட என்று விற்ற ஒரு மலிவான விளையாட்டுச் சாமானில் இருந்துதான் அது பிறந்தது. அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்கள் உண்டு. 2013இல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை கொடுத்தது. ஒரு நாட்டு அரசாங்கத்தையே ஏமாற்றிய சரக்கு, இன்று நம் கடற்கரையில் மோதிரம் தேட வந்து நிற்கிறது. எனக்கு அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

கடல் இழுத்துப் போய்விட்டது என்பதும் பெரும்பாலும் பொய். மணலைவிடத் தங்கம் ஆறேழு மடங்கு கனம். அலை வந்து மணலைக் கலக்கும்போது மணல் நகரும், மோதிரம் கிட்டத்தட்ட விழுந்த இடத்திலேயே கீழே கீழே இறங்கும். அதனால்தான் சீக்கிரம் தேட வேண்டும். அதனால்தான் காலாலும் கையாலும் கண்டபடி கிளறவும் கூடாது.

12,000 தர மாட்டோம் என்றோம். கிளம்பிவிட்டார்கள். முன்பணம் திரும்ப வரவில்லை, மறுநாளிலிருந்து போனும் போகவில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம், மனுவைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்திருக்கிறார்கள்.

அப்புறம் நண்பர் ஒருவர் மூலமாகப் புதுச்சேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர். முன்பணம் கேட்கவில்லை. பெட்ரோல் காசு மட்டும் போதும், கிடைத்தால் உங்கள் விருப்பம் என்றார். அவர் வேலை செய்ததைப் பார்த்த பிறகுதான் முதலில் வந்தவர்கள் தேடவே இல்லை என்பது எங்களுக்கு முழுதாகப் புரிந்தது.

வந்தவுடன் என் தங்கையிடம், "அக்கா, உங்க மோதிரத்தைக் கொஞ்சம் குடுங்க, நூல்ல கட்டிப் புதைக்கிறேன்" என்றார். நூலின் ஒரு முனையைத் தங்கை கையிலேயே கொடுத்துவிட்டு, அலை நனைத்த மணலில் அரைச் சாண் ஆழத்தில் புதைத்து, எங்கள் எதிரிலேயே தட்டை ஆட்டிக் காட்டினார். ஸ்பீக்கரில் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஹெட்போன் போடவில்லை. அவர் சொன்னதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான்: உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அலைவரிசையில் ஓடும் சாதாரணக் கருவி வயலில், தோட்டத்தில் நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஈர மணலில் ஒன்றும் இல்லாத இடத்திலும் கத்திக்கொண்டே இருக்கும். கத்தலைக் குறைக்க உணர்திறனை இறக்கினால் மோதிரத்தையும் விட்டுவிடும். ஈர மணலுக்கு ஒரே சமயத்தில் பல அலைவரிசையில் ஓடும் கருவியோ விட்டுவிட்டு மின்துடிப்பை அனுப்பும் பல்ஸ் இண்டக்ஷன் வகைக் கருவியோ வேண்டும். முதல் ஆளின் கருவி எந்த வகை என்று நமக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியதில்லை. நூலில் கட்டிய மோதிரம் சொல்லிவிடும். வருகிறவர் யாராக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். காய்ந்த மணலில் செய்து காட்டினால் ஏற்காதீர்கள், நகை ஈர மணலில் விழுந்திருந்தால் ஈர மணலில்தான் செய்ய வேண்டும். மறுத்தால் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, கயிறு போட்டுக் கோடு கோடாகப் பிரித்து, ஒரு கோட்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். சத்தம் வந்த ஒவ்வொரு இடத்தையும் தோண்டினார். சிகரெட் பெட்டி ஜிகினாத் தாள், மாத்திரை அட்டை, டின்னைத் திறக்கும் வளையம், ஆணி என்று குப்பை வந்துகொண்டே இருந்தது. தங்கத்துக்கும் அலுமினியத் துண்டுக்கும் கருவியின் திரையில் ஏறக்குறைய ஒரே எண்தான் வருமாம். குப்பையை ஒதுக்கும்படி வைத்தால் மோதிரமும் ஒதுங்கிவிடும். ஆகவே தங்கம் தேடுகிறவர் நிறையக் குப்பை தோண்டியே ஆக வேண்டும். 'தங்கத்தை மட்டும் காட்டும்' என்று ஒருவர் சொன்னால் அது பொய். முதலில் வந்தவர்கள் ஒரு மணி நேரம் நடந்து இரண்டு நாணயமும் ஒரு மூடியும்தான் காட்டினார்கள். இந்தப் பையன் எடுத்த குப்பை ஒரு கட்டைப்பையை நிறைத்தது.

சாவிக்கொத்து கிடைத்தது. மேல்மணலில், ஒரு விரல் ஆழத்தில், முதல் ஆள் "இந்தப் பக்கம் முழுக்கப் பார்த்தாச்சு" என்று கை காட்டிய அதே பட்டையில். தங்கை அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். மோதிரம் கிடைக்கவில்லை. தண்ணீர் நன்றாக வற்றிய நேரத்தில் ஈர மணல் பட்டை முழுவதையும் இரண்டு வாட்டமாகப் பார்த்தார். மாமா சொன்ன அந்த இடத்தில் காலால் கிளறிய பள்ளம்கூட அதற்குள் அலையில் மூடிவிட்டது. மோதிரம் அந்தப் பைக்குள்தான் போயிருக்கிறது என்பது என் முடிவு. நிரூபிக்க முடியாது, ஆனால் வேறு மாதிரி நினைக்க எனக்கு வழியில்லை.

இன்னொரு ஏமாற்று வேலையையும் சொல்லிவிடுகிறேன். மோதிரம் தொலைந்தது பற்றிக் குழுக்களில் படத்தோடு போட்டிருந்தோம். ஒருவர் அழைத்து, மோதிரம் தன்னிடம் இருப்பதாகவும் 2,000 அனுப்பினால் கூரியரில் போடுவதாகவும் சொன்னார். படத்தில் தெரிவதை எல்லாம் சரியாகச் சொன்னார். உள்பக்கம் பொறித்திருக்கும் எழுத்து என்ன என்று தங்கை கேட்டதும் போனை வைத்துவிட்டார். அந்த எழுத்தை நாங்கள் எங்கேயும் வெளியிடவில்லை. நீங்களும் தொலைந்த பொருளைப் பற்றிப் போடும்போது ஒரு அடையாளத்தையாவது சொல்லாமல் வைத்திருங்கள். இப்படி அழைப்பவருக்குப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கடலில் ஏதாவது நழுவினால், அந்த இடத்தைவிட்டு ஒருவர் நகராமல் நில்லுங்கள். கரையில் உள்ள ஒரு விளக்குக் கம்பத்தையும் ஒரு கட்டடத்தையும் நேர்கோட்டில் வைத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், போனிலும் லொகேஷனைச் சேமியுங்கள். தேடுபவரைக் கூப்பிட்டால் பேசிய தொகையையும், கிடைக்கும் பொருள் அங்கேயே உங்கள் கையில் தரப்பட வேண்டும் என்பதையும் செய்தியாக எழுதி அவரிடம் சரி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வேலை முடிந்த பிறகு. ஒவ்வொரு குழியையும் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் பையைக் காட்டச் சொல்ல வேண்டும். நேர்மையான ஆள் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். அந்த மாணவர் நாங்கள் கேட்காமலேயே பையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஆன்டெனா கம்பியைக் காட்டி இப்படி யாராவது உங்களிடம் பணம் வாங்கியிருந்தால், பணம் அனுப்பிய விவரத்தோடு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள், தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் மனு தனியாக நிற்கிறது. இன்னும் நாலு பேர் கொடுத்தால் அந்த இடுப்புப் பையைப் பற்றி யாராவது கேட்டே ஆக வேண்டும்.