குழிக்குள் போனவன் திரும்பி வந்த கதை: ப்ளூ-ரே டிஸ்க்கில் சரியான பிளேலிஸ்ட்டைத் தேடி ஐந்து வருடம்

குமரி மாவட்டம் திங்கள்சந்தையில் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுப்பது என் பிழைப்பு. பொழுதுபோக்கு என்றால் மாமாவின் டிஸ்க்குகள். மாமா துபாயில் இருந்தவர். லீவுக்கு வருகிற எல்லாரும் பால்பொடியும் கோடாலித் தைலமும் கொண்டுவருவார்கள். இவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே நாலைந்து ப்ளூ-ரே டிஸ்க்கும் இருக்கும். வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது ஒரு அலமாரி நிறைய சேர்ந்திருந்தது.

அந்த அலமாரியில் பாதி இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. ப்ளூ-ரேக்கு உலகம் ஏ, பி, சி என்று மூன்று மண்டலம். வளைகுடா நாடுகள் பி, நாம் சி. போதாக்குறைக்கு நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். உறைக்குள் இருந்தாலும் டிஸ்க்கில் பூஞ்சை படரும். "வெல குடுத்து வாங்கின சாமானம்லா மருமவனே, சும்மா பூத்துப் போவுது" என்று மாமா புலம்பியதில்தான் 2020இல் யுஎஸ்பி ப்ளூ-ரே டிரைவ் ஒன்றும், மேக்எம்கேவி மென்பொருளும், 4 டிபி ஹார்ட் டிஸ்க்கும் வந்து சேர்ந்தன. டிஸ்க்கில் இருக்கிற படத்தை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி வைக்கத்தான் இதெல்லாம். இன்றைக்கு 140 டிஸ்க் முடிந்திருக்கிறது.

மென்பொருளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்க்கைப் போட்டால் உள்ளே இருக்கிற தலைப்புகளைப் பட்டியல் போடும், வேண்டியதை டிக் செய்தால் படத்தையும் ஒலியையும் தரம் குறையாமல் அப்படியே எம்கேவி கோப்பாக எடுத்துத் தரும். 40 ஜிபி படம் என் டிரைவில் முக்கால் மணி நேரம். பீட்டா பதிப்பு என்பதால் இலவசச் சாவியை அவ்வப்போது புதிதாகப் போட வேண்டும், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அந்தப் பட்டியலைப் பற்றி. எதை டிக் செய்வது?

டிஸ்க்கைத் திறந்தால் பிடிஎம்வி என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஸ்ட்ரீம் ஃபோல்டரில் எம்2டிஎஸ் கோப்புகள், பிளேலிஸ்ட் ஃபோல்டரில் எம்பிஎல்எஸ் கோப்புகள். எடிட்டிங் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: எம்2டிஎஸ் கிளிப், எம்பிஎல்எஸ் டைம்லைன். கிளிப் என்றால் படத்தின் ஒரு துண்டு. எம்பிஎல்எஸ்ஸில் படம் இருக்காது; எந்த கிளிப்புக்குப் பிறகு எந்த கிளிப், அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்பது போன்ற குறிப்புகள்தான் எழுதியிருக்கும். சில கிலோபைட்தான் வரும். மேக்எம்கேவி காட்டும் தலைப்பு ஒவ்வொன்றும் அநேகமாக இப்படி ஒரு டைம்லைன். நூற்றுக்குத் தொண்ணூறு டிஸ்க்கில் இரண்டு மணி நேரத் தலைப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கும், மற்றதெல்லாம் டிரெய்லரும் பேட்டியும். கண்ணை மூடிக்கொண்டு நீளமானதை எடுக்கலாம். நானும் அப்படித்தான் அறுபது எழுபது டிஸ்க் ஓட்டினேன்.

அப்புறம் வந்தது அந்த ஆக்‌ஷன் படம். பட்டியல் முடியவே இல்லை, ஸ்க்ரோல் பண்ணப் பண்ண வந்துகொண்டே இருந்தது. 312 தலைப்பு. எல்லாமே 2 மணி 3 நிமிடம், எல்லாமே ஒரே ஜிபி. அவசரத்தில் முதலாவதாக இருந்ததை எடுத்து டிவியில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் முடிந்து வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் படம் பார்ப்பதில் எங்கள் எல்லாரையும் விடக் கூர்மை.

"ஏல மக்கா, இவன இப்பத்தான குழியில வச்சி மண்ணள்ளிப் போட்டானுவ? எப்பிடில எந்திச்சி வந்தான்?"

ஃப்ளாஷ்பேக் என்று சமாளித்தேன். அடுத்த பத்து நிமிடத்தில், கையில் கட்டுப் போட்டிருந்தவன் கட்டில்லாமல் வந்து, அடிபட்டு, மறுபடி கட்டுப் போட்டான். "சவத்த நிறுத்துல" என்று ஆச்சி எழுந்து போய்விட்டாள்.

விஷயம் இதுதான். படத்தை ஒன்பது துண்டாக வெட்டி, ஒன்பது எம்2டிஎஸ் கோப்பாக வைத்திருந்தார்கள். 312 பிளேலிஸ்ட்டிலும் அதே ஒன்பது துண்டு, வரிசை மட்டும் வேறு. அதனால்தான் நீளமும் ஒன்று, அளவும் ஒன்று. ஒன்று மட்டும் நிஜம், மீதி 311ம் நம்மை மாதிரி ஆட்களைக் குழப்புவதற்கென்றே போட்டு வைத்த போலி. இங்கே ஜிபியைப் பார்த்தும் நேரத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க வழியே இல்லை. இணையத்தில் யாரோ சொன்ன எண்ணை நம்பியும் ஒருமுறை ஏமாந்தேன். அவர் கையில் இருந்தது வேறு நாட்டுப் பதிப்பு, எண் அடியோடு வேறு.

ஆனால் டிஸ்க்குக்குத் தெரியும். மெனுவில் பிளே பட்டனை அமுக்கினால் பிளேயரில் படம் ஒழுங்காகத்தானே ஓடுகிறது? டிஸ்க்கிலேயே இருக்கும் ஜாவா நிரல் சரியான பிளேலிஸ்ட்டைத் தேர்ந்தெடுத்து ஓட்டுகிறது. ஆகவே டிஸ்க்கிடமே கேட்க வேண்டும். நான் கேட்ட விதத்தைச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் உரிமம் பெற்ற ப்ளூ-ரே பிளேயர் மென்பொருள் வேண்டும். என்னிடம் இருப்பது பவர்டிவிடி. மண்டலத்தைச் சோதிப்பது இந்த மென்பொருள்தான். ஐந்து முறைக்கு மேல் மாற்ற விடாது, அதனால் பி என்று வைத்தவன் பிறகு தொடவே இல்லை. படத்தை மெனு வழியாக ஓட விட்டு, பக்கத்தில் விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் என்ற பகுதிக்குப் போனால், எந்த நேரத்தில் எந்தக் கோப்பு வாசிக்கப்படுகிறது என்று பெயரோடு தெரியும். முதலில் 00412. ஒரு கல்யாண ஆர்டர் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது அத்தியாயத்துக்குத் தாவினால் 00405. ஐந்தாவதில் 00418.

இதில் ஒரு பொறி இருக்கிறது, விழுந்து எழுந்ததால் சொல்கிறேன். ரிசோர்ஸ் மானிட்டர் காட்டுவது கடைசி ஒரு நிமிடத்தின் சராசரி. தாவிய உடனே பார்த்தால் பழைய கோப்பின் பெயரும் கூடவே நிற்கும். முதல் தடவை இரண்டையும் எழுதிக் குழம்பி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். தாவியதும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சும்மா இருங்கள். பழையது தானாக இறங்கிப் போய்விடும்.

இனி மேக்எம்கேவி பக்கம். ஒவ்வொரு தலைப்பையும் சொடுக்கினால் வலப்பக்கத் தகவல் பெட்டியில் 'செக்மென்ட்ஸ் மேப்' என்று ஒரு வரி இருக்கும்; 412,405,418 என்று துண்டுகளின் வரிசை. 312 முறை சொடுக்க முடியாது. கூடவே வருகிற மேக்எம்கேவிகான் என்ற கட்டளை வரி நிரலை ஓட்டி, வெளியீட்டை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் பிடித்து, நோட்பேடில் தேடினேன். 412இல் தொடங்குவது 58. அடுத்தது 405 என்று வருவது 9. அதற்கடுத்து 418 உள்ளது இரண்டே இரண்டு. அந்த இரண்டிலும் வித்தியாசம் ஏழாவதும் எட்டாவதும் இடம் மாறியதுதான். அங்கே அத்தியாயம் தாவாமல் உட்கார்ந்து பார்த்தேன். பிளேலிஸ்ட் 00287தான் சரி.

எடுத்த பிறகும் சோதிக்காமல் விட்டதில்லை. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் பத்து விநாடி முன்னும் பின்னும் பார்ப்பேன். சட்டை, தாடி, காயம், பேசிக்கொண்டிருந்த வாக்கியம். கல்யாண வீடியோவில் தாலி கட்டிய பிறகு முகூர்த்தப் பட்டுக்குப் பதில் நிச்சயதார்த்தப் புடவை வந்தால் எப்படிக் கண்ணில் குத்துமோ அப்படிக் குத்தும்.

கம்ப்யூட்டரில் ஜாவாவை நிறுவி வைத்தால் மேக்எம்கேவியே சில டிஸ்க்குகளில் முதன்மைப் படத்தின் பக்கத்தில் 'எஃப்பிஎல்_மெயின்ஃபீச்சர்' என்று குறி போட்டுக் காட்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. முதலிலேயே தெரிந்திருந்தால் நாலைந்து ராத்திரி மிச்சம். என்ன, எல்லா டிஸ்க்கிலும் அந்தக் குறி வராது. மேலே சொன்ன டிஸ்க்கில் வரவில்லை.

பல தலைப்பு இருந்தாலே மற்றதெல்லாம் போலி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கார்ட்டூன் படத்தில் 00800, 00801, 00802 என்று மூன்று இருந்தது, நீளத்தில் சில விநாடி வித்தியாசம். மேப்பைப் பார்த்தால் நடுவில் எல்லாம் ஒன்று, முதல் துண்டும் கடைசித் துண்டும் மட்டும் வேறு. படத்தின் பெயரும் முடிவில் ஓடும் பெயர்களும் ஒன்றில் ஆங்கிலம், மற்ற இரண்டில் வேறு மொழிகள். மூன்றும் நிஜம்தான். திரையரங்கு வடிவம், நீட்டிய வடிவம் என்று இரண்டு இருக்கிற டிஸ்க்கிலும் இதே கதை. அங்கே நீளமானதை எடுத்தால் இயக்குநர் வெட்டித் தள்ளிய காட்சியெல்லாம் சேர்ந்து வரும். வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் பொறுமை.

டிவிடியில் பிளேலிஸ்ட் கிடையாது, தலைப்பு எண்தான், அதிகபட்சம் 99. சில டிஸ்க்கில் 99ஐயும் நிரப்பி இதே வேலையைச் செய்திருப்பார்கள். மெனுவில் ஓட விட்டு எந்தத் தலைப்பு எண் ஓடுகிறது என்று பிளேயரில் பார்த்தால் போதும். டிவிடியில் படம் இருக்கிற விஓபி கோப்புகளை நேராகக் காப்பி பண்ணி ஒட்டாதீர்கள். அவை 1 ஜிபிக்கு ஒன்றாக வெட்டி வைத்தவை, காட்சிக் கணக்குக்கு வெட்டியவை அல்ல.

சிலர் காப்பி கேட்டு வருகிறார்கள், ஸ்டுடியோ வைத்திருப்பவன் என்பதால் உரிமையோடு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு, காப்பி எடுக்க முடியாதபடி டிஸ்க்கில் போட்டிருக்கும் பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது. மாமா காசு கொடுத்து வாங்கியது மாமா வீட்டு டிவியில் ஓடுகிறது, அதோடு சரி. வாடகை டிஸ்க்கையும் நான் போடுவதில்லை.

பூஞ்சை பிடித்ததைத் துடைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. அழுத்தித் தேய்த்து ஒரு டிஸ்க்கை நானே கெடுத்தேன்; 83 சதவீதத்தில் ரீட் எரர், அதற்கு மேல் நகரவில்லை.

இப்போது ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். பிளேலிஸ்ட் எண், துண்டுகளின் வரிசை, எடுத்த தேதி. ஹார்ட் டிஸ்க் என்றைக்காவது போனால் திரும்ப ராத்திரி முழிக்க வேண்டாமே. அந்த ஆக்‌ஷன் படத்தை ஓணம் லீவில் ஆச்சிக்கு மறுபடி போட்டேன். செத்தவன் செத்தபடியே கிடந்தான். "இதுல ஒண்ணுமில்ல, அண்ணைக்கு உள்ளதுதான் நல்லாருந்து" என்றாள்.