மேல்தோலை எடுத்தா, எடுக்காமலா? கெரட்டோகோனஸுக்கான கிராஸ்லிங்கிங்கில் எது பாதுகாப்பு

கெரட்டோகோனஸ் என்ற கண் நோயில், கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழி (கார்னியா) மெலிந்து, கூம்புபோலப் புடைத்துக்கொண்டே போகும். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். அதை இருக்கிற இடத்திலேயே நிறுத்தத்தான் கிராஸ்லிங்கிங். ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் பி2 சொட்டு விட்டு, புற ஊதா ஏ ஒளி பாய்ச்சினால் கருவிழியின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படும். அதற்குப் பிறகும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படலாம்.

சொட்டு உள்ளே இறங்க கருவிழியின் மேல்தோலை எடுக்க வேண்டுமா என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

எடுத்துச் செய்வது எபி-ஆஃப். ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் உருவான முறை. முதல் நோயாளிகளின் முடிவுகள் 2003இல் வெளியாயின. அரை மணி நேரம் சொட்டு, அரை மணி நேரம் ஒளி. இதன் தொல்லைகளில் பெரும்பாலானவை மேல்தோலை எடுத்த புண்ணிலிருந்து வருபவை. சில நாள் நல்ல வலி இருக்கும். சில மாதம் பார்வையில் மங்கல் இருக்கலாம், அது பெரும்பாலும் தெளிந்துவிடும். உண்மையிலேயே பயப்பட வேண்டியது கிருமித்தொற்றுக்கும் தழும்புக்கும்தான். 2009இல் வெளியான சூரிச் ஆய்வில் 2.9 சதவீதக் கண்கள் பார்வை அட்டவணையில் இரண்டு வரி அல்லது அதற்கு மேல் இழந்தன. 35 வயதைத் தாண்டியவர்களுக்கும், முன்பே நல்ல பார்வை இருந்தவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

மேல்தோலை விட்டுவைப்பது எபி-ஆன். புண் இல்லை, வலி குறைவு, தொற்று வாய்ப்பும் குறைவு. கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ரிபோஃபிளேவினையும் ஆக்சிஜனையும் மேல்தோல் தடுக்கிறது. இரண்டும் போதாவிட்டால் பிணைப்பு பலவீனமாகிவிடும். 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், எபி-ஆன் செய்த கண்களில் 23 சதவீதத்தில் ஓராண்டுக்குள் நோய் மேலும் வளர்ந்தது. ஆக்சிஜன் செலுத்திச் செய்யும் புதிய எபி-ஆன் முறைக்கு அமெரிக்காவில் 2025இல் அனுமதி கிடைத்தது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் பழைய முறைக்கு இருக்கும் நீண்டகால அனுபவம் இதற்கு இன்னும் சேரவில்லை.

வேகமான முறை என்று ஒன்றும் உண்டு. ஒளியை மும்மடங்கு கூட்டி 10 நிமிடத்தில் முடிப்பார்கள். மேல்தோலை எடுத்துச் செய்தால் புண் அதேதான்.

வளரும் பிள்ளைக்கு, நோய் வளர்வது உறுதியாகியிருந்தால், என் ஓட்டு எபி-ஆஃபுக்கே. சும்மா இருப்பதும் ஆபத்துதான். 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் பிரிட்டனில் நடந்த கெராலிங்க் ஆய்வில், எபி-ஆஃப் செய்தவர்களில் 7 சதவீதத்தினருக்குத்தான் 18 மாதத்தில் நோய் வளர்ந்தது; செய்யாதவர்களில் 43 சதவீதம். மாறாக, 40 வயதில் நோய் அசையாமல் நிற்கிறவருக்கு எந்த முறையும் அவசரமில்லை.

கருவிழி மெலிந்தவர்கள் கணக்கு வேறு. மேல்தோல் போக 400 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. குறைந்தால் ஒளி கருவிழியின் உட்புறச் செல் அடுக்கான எண்டோதீலியம் வரை போய்விடலாம். அங்கே அழியும் செல்கள் மீண்டும் வளராது. இவர்களுக்காகத்தான் சென்னை மருத்துவர் சூசன் ஜேக்கப் குழுவினர், ரிபோஃபிளேவினில் ஊறிய கான்டாக்ட் லென்ஸைக் கருவிழிமேல் வைத்துச் செய்யும் முறையை 2014இல் வெளியிட்டார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், கண்ணில் முன்பு ஹெர்பஸ் வைரஸ் தொற்று வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த ஒளி அதைத் திரும்பக் கிளப்பலாம். அப்புறம், குறைந்துவந்த வலி மறுபடி ஏறினாலோ, கண் சிவந்து பீளை தள்ளினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே ஓடுங்கள்.